பிள்ளைகள் கையில் ஒரு கணக்கு நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவையாறு பக்கம் எங்கள் ஊரில், கோடை விடுமுறையில் நாலைந்து பேர் சேர்ந்து பதினைந்து பிள்ளைகளுக்கு நூலகத் திண்ணையில் வைத்து வியாபாரமும் பணக் கணக்கும் சொல்லிக்கொடுத்தோம். பிள்ளைக்கு 200 ரூபாய் முதலாகக் கொடுத்தோம், விற்றபின் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான் விதி. ஏழாவது படிக்கும் ஒரு பெண் நீர்மோர் விற்றாள். முதல் நாள் 90 ரூபாய் லாபம் என்று குதித்தவள், அப்புறம் வீட்டிலிருந்து எடுத்த தயிருக்கும் அம்மாவின் உழைப்புக்கும் விலை போட்டுப் பார்த்து, 20 ரூபாய்தான் நிற்கிறது என்று நோட்டில் எழுதினாள். குறுவைக்கு வாங்கிய கடனையும் அறுவடை இயந்திர வாடகையையும் கழிக்காமல் மூட்டைக்கு இவ்வளவு கிடைத்தது என்று பேசியே பழகிய எங்களுக்கு அந்த நோட்டு உறைத்தது.

வட்டியும் போட்டுப் பார்த்தோம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் வருடத்துக்கு 36 சதவீதம் என்பது பத்தாவது முடித்த பையன்களுக்கே புதிதாக இருந்தது!

10 வயது நிரம்பிய பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், 500 ரூபாய் போதும். பள்ளிகளில் முன்பு சஞ்சயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்ததே, அதைப்போல ஒன்று ஊருக்கு ஊர் வேண்டும். டெல்டா ஊராட்சிகள் இதைக் கிராம சபையில் வைத்துப் பேசவேண்டும். சொல்லிக்கொடுக்க ஆட்கள் நாங்கள் இருக்கிறோம், சனிக்கிழமை தோறும் நூலகத்தைத் திறந்து வைத்தால் சரி.

ஒரு வாசகர்,
திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.