பாதாளக் கரண்டிக்காரருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள லெஸ்டர் நண்பர்களுக்கு,

உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இந்த மடல் கண்ணில் பட்டாலும் யாரோ கோலம் போட்டு வைத்த மாதிரிதான் இருக்கும். ஆனாலும் நன்றியைச் சொந்த மொழியில் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கிறது. அன்றைக்கே முப்பது தடவை ‘தேங்க் யூ’ சொல்லிவிட்டேன். அது சில்லறை. பெரிய பாக்கியை இங்கே தீர்க்கிறேன்.

படிக்கிற தமிழர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஊஸ்டர் நகரத்தை ஒட்டி லெஸ்டர் என்று ஒரு சிற்றூர். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தால் இரண்டு பெயருமே வேறு மாதிரி வரும். திருவல்லிக்கேணியை டிரிப்ளிகேன் ஆக்கியவர்கள் தங்கள் ஊர்களையும் விட்டுவைக்கவில்லை. லெஸ்டரில் மேப்பிள் ஹில் என்று ஒரு கிறிஸ்துமஸ் மரப் பண்ணை, அதற்குள் 18 கூடைகள் உள்ள டிஸ்க் கோல்ஃப் மைதானம். கோல்ஃபில் பந்தை அடித்துக் குழியில் தள்ளுவார்கள். இதில் பிளாஸ்டிக் தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். குறைவான எறிகளில் முடிப்பவருக்கு வெற்றி. அமெரிக்காவில் இந்த மைதானங்கள் பெரும்பாலும் பொதுப் பூங்காக்களில், காசில்லாமல் இருக்கும். மேப்பிள் ஹில் தனியார் நிலம், கட்டணம் உண்டு. முன்பு விப்ரம் ஓப்பன் என்று நடந்து, இப்போது எம்விபி ஓப்பன் என்று பெயர் மாறியிருக்கும் பெரிய தொழில்முறைப் போட்டி இங்கேதான் நடக்கிறது. உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர்களே மரத்தில் அடித்துக்கொண்டு தலையில் கை வைக்கும் இடம். நான் ஷ்ரூஸ்பரியில் இருக்கிறேன், காரில் அரை மணி நேரம்தான். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் பயம், வேறொன்றும் இல்லை.

அந்தப் பயத்தைப் போக்கியவர் என் அலுவலக நண்பர். இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் “நாளைக்கு?” என்று செய்தி அனுப்புவார். மழை, மாமனார் வருகிறார், முதுகு பிடித்துக்கொண்டது என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி நானும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஏழரைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் காரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். அப்புறம் என்ன செய்வது? தயிர் சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

கட்டணம் வாங்கிக்கொண்ட அம்மணிக்கு அடுத்த நன்றி. “இங்கே ஆடியிருக்கிறீர்களா?” என்றார். இல்லை என்றதும் என் பையை எட்டிப் பார்த்தார். உள்ளே நாலே நாலு டிஸ்க். “அப்படியானால் சிவப்பு டீயிலிருந்து ஆடுங்கள், நாள் நன்றாகப் போகும்” என்றார். டீ என்றால் குடிக்கிற டீ இல்லை, முதல் எறியை எறிய நிற்கும் இடம். சிவப்பு, வெள்ளை, நீலம், தங்கம் என்று நிறம் வைத்திருக்கிறார்கள். சாம்பியன்கள் நிற்பது தங்கத்தில். போகும்போது கூப்பிட்டு, “பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், உண்ணி இருக்கும்” என்றும் சொன்னார். இரண்டு புத்திமதியில் இரண்டாவதை மட்டும் கேட்டேன்.

முதல் கூடைக்குத் தங்க டீ குளத்துக்கு இந்தப் பக்கம், கூடை அந்தப் பக்கம். யூடியூபில் நூறு தடவை பார்த்த இடம். ஒரே ஒரு எறி இங்கிருந்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சிவப்பில் ஆடலாம் என்று ஆசை. அதுவும் எந்த டிஸ்க்? என் ஒன்பது வயது மகள் உண்டியலை உடைத்து வாங்கிக் கொடுத்தது. மேல் பக்கம் மார்க்கர் பேனாவால் அவளே மயில் வரைந்திருக்கிறாள். (நண்பர் அதைக் கோழி என்றார்.) வலது கைக்காரன் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசினால் டிஸ்க் கடிகார முள் போகிற திசையில் சுழலும். வேகம் குறையக் குறைய இடது பக்கம் சாய்ந்து இறங்கும். கையில் வேகம் இல்லாதவன் வேகமான டிஸ்கை எடுத்தால் அந்தச் சாய்வு பாதி வழியிலேயே வந்துவிடும். எனக்கு வந்தது. மயில் குளத்துக்கு நடுவில் கழுத்தைத் திருப்பி, தண்ணீரில் செருகிக்கொண்டு, சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

விதிப்படி ஓர் எறி அபராதம். அது போகட்டும், வீட்டில் என்ன சொல்வது?

எங்களுக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர்களில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர், ஒன்றும் பேசாமல் பைக்குள் கைவிட்டு ஒரு சாமானை எடுத்தார். நீளமான கயிறு, அதன் நுனியில் இரும்புச் சட்டம், சட்டத்தில் வளைந்த பற்கள். “பாதாளக் கரண்டி!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, ‘கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக’ என்றார். யாராவது தும்மினால் இங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் கத்தலைத் தும்மல் என்று நினைத்துவிட்டார் போல.

ஐயா, விளக்கம் இதோ. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கிணறு உண்டு, பாதாளக் கரண்டி மட்டும் ஒரே ஒரு வீட்டில். வாளி விழுந்துவிட்டால் அந்த வீட்டுப் பாட்டியிடம் போய் நிற்க வேண்டும். பாட்டி சும்மா தரமாட்டார். ஒரு சொம்பை அடகு வைத்தால்தான் கரண்டி வெளியே வரும். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால்தான் சொம்பு கிடைக்கும். நீங்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கரையில் முட்டி போட்டு, கயிற்றைச் சுழற்றி எறிந்து, அவசரமே இல்லாமல் இழுத்தீர்கள். முதல் வீச்சில் பாசி. இரண்டாவதிலும் பாசி. மூன்றாவதில் யாருடையதோ ஓர் ஆரஞ்சு நிற டிஸ்க். அதன் அடியில் எழுதியிருந்த எண்ணை அங்கேயே போனில் அழைத்து, “உன்னுடையது கிடைத்தது, கடையில் கொடுத்துவைக்கிறேன்” என்று சொன்னீர்களே, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் அம்மா எல்லாப் பாத்திரத்திலும் பெயர் வெட்டி வைப்பார். கல்யாண வீட்டுக்குப் போன அண்டா ஆறு மாதம் கழித்தும் பெயரை வைத்து வீடு வந்து சேரும். டிஸ்க் ஆடுபவர்கள் அடிப்பக்கம் பெயரும் போன் நம்பரும் எழுதிவைப்பது அதே கணக்குதான். ஐந்தாவது வீச்சில் மயில் வந்தது, கழுத்தில் பாசி மாலையோடு. உங்கள் கூட்டாளிகள் மூவரும் இருபது நிமிஷம் முணுமுணுக்காமல் நின்றார்கள். அவர்களுக்கும் நன்றி.

உங்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தபோது நண்பர் எட் ஹெட்ரிக் கதையைச் சொன்னார். 1975இல் கலிபோர்னியாவின் லா கன்யாடாவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவர், சங்கிலிக் கூடையை உருவாக்கியவர். 2002இல் இறந்தார். அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்களாம். நாம் அஸ்தியைத் தண்ணீரில் கரைக்கிறோம். இந்த மனிதர் பறந்துகொண்டிருக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். குளக்கரையில் கேட்டதாலோ என்னவோ, கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவருடைய டிஸ்க் ஏதாவது குளத்தில் விழுந்திருந்தால்? சரி, விடுங்கள்.

காட்டுக்குள் நுழைந்த பிறகு நடந்ததை விவரமாகச் சொல்ல மானம் தடுக்கிறது. இரண்டு பக்கமும் மரம், நடுவில் மாட்டுவண்டித் தடம் அளவுக்கு வழி. எறிந்தால் ‘டக்’. மறுபடி எறிந்தால் மறுபடி ‘டக்’. தனியாக ஆடிக்கொண்டு வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு வழிவிட்டோம். அவர் போகாமல் நின்று, “உங்களிடம் இருப்பதிலேயே மெதுவான டிஸ்க் எது?” என்று கேட்டார். கூடைக்குப் பக்கத்தில் மட்டும் பயன்படுத்தும் ‘பட்டர்’ என்ற டிஸ்கைக் காட்டினேன். “இனிமேல் எல்லாவற்றுக்கும் அதையே எறியுங்கள், பாதி பலத்தில்” என்றார். அதன் பிறகு ‘டக்’ பாதியாகக் குறைந்தது. இரண்டு கூடைகள் தள்ளி, பதினைந்தடி தூரத்திலிருந்து போட்ட பட்டர் சங்கிலியில் பட்டு நின்றது. சலங்கையை உதறியது மாதிரி ஒரு சத்தம். முன்னால் போய்விட்ட அந்தப் பெண் திரும்பி நின்று கைதட்டினார். தங்கையே, அதை என் வீட்டில் நான்கு தடவை சொல்லிவிட்டேன். மொத்தம் 93 எறிகள். நண்பருக்கு 61.

மனைவிக்குத் தனி நன்றி. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகியும் ஓர் உண்ணி ஏறியிருந்தது. முழங்காலுக்குப் பின்னால், எள் அளவு. நான் மச்சம் என்றேன், அவள் டார்ச் அடித்து இடுக்கியால் நேராக இழுத்து எடுத்தாள். பக்கத்து மாநிலமான கனெடிகட்டில் இருக்கும் லைம் என்ற ஊரின் பெயரில்தான் இந்த உண்ணி பரப்பும் நோயே அழைக்கப்படுகிறது. அலட்சியம் கூடாது.

நில உரிமையாளருக்கும், புல் வெட்டி வழியைத் துப்புரவாக வைத்திருப்பவர்களுக்கும் என்ன சொல்வது? சொந்த நிலத்தைப் பூட்டி வைத்துக்கொள்ள உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. என்னைப் போன்றவர்கள் வந்து உங்கள் மரங்களை அடிக்க விட்டிருக்கிறீர்கள். வாங்கிய கட்டணம் அந்த மரங்களுக்கு மருந்து போடக் காணாது.

கடைசியாக அம்மா. ஊருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். “காசு குடுத்துத் தட்டு எறிஞ்சியா?” என்றார். பால் மெக்பெத் என்ற ஆட்டக்காரருக்கு 2021இல் டிஸ்கிராஃப்ட் கம்பெனி பத்து வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டதைச் சொல்லிப் பார்த்தேன். “அவன் வேற, நீ வேற. தயிர் சாத டப்பா எங்கே?” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. டப்பாவை ஏதோ ஒரு பெஞ்சிலேயே விட்டுவிட்டேன். அம்மா பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பா.

மறுநாள் நண்பர் ஒரு படம் அனுப்பினார். கடை மேசையில், ஆரஞ்சு டிஸ்குக்குப் பக்கத்தில், டப்பா. கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: ‘எழுத்து புரியவில்லை. தும்மல்காரருடையதாக இருக்கலாம்.’

அது அங்கேயே இருக்கட்டும், ஐயா. கரண்டிக்கு அடகு. வருகிற சனிக்கிழமை வந்து மீட்டுக்கொள்கிறேன், சிவப்பு டீயிலிருந்தே ஆடுகிறேன்.

அன்புடன்,
மயில் டிஸ்க்கின் அப்பா
ஷ்ரூஸ்பரி