எங்கள் கொம்பையும் காலையும் திருப்பிக் கொடுங்கள்

நல்ல பக்கங்களைத் தேடித் தரும் தளத்தின் நிர்வாகத்தாருக்கு, சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வணக்கம்.

உங்கள் உதவிப் பிரிவின் மூன்றாவது பதில் சென்ற வாரம் வந்தது. முதல் இரண்டைப் போலவே இதிலும், "இன்னும் அதிக ஆர்வங்களைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பயனையும் பெறலாம்" என்று இருந்தது. நான் ஆர்வத்தைப் பற்றிக் கேட்கவில்லை. புள்ளியைப் பற்றிக் கேட்டேன்.

ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொல்லை அடிக்கும் பெட்டியில் 'சேலம்' என்று அடித்தால் 'சலம' என்று பதிவாகிறது. இரட்டைக் கொம்பும் போச்சு, புள்ளியும் போச்சு. ஏற்காடு 'ஏறகட' ஆகிறது, கொலுசு 'கலச' ஆகிறது. இதுவரை சிரித்துவிட்டுப் போனேன்.

ஏற்காட்டுப் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் என் அக்கா மகள், பிள்ளைகள் காபிக் கொட்டைகளை ஒட்டிச் செய்த படங்களை ஒரு பக்கமாகப் போட்டிருந்தாள். 'கலை' என்று குறிச்சொல் கொடுத்து நான்தான் சேர்த்தேன். அது 'கல' என்று போய் உட்கார்ந்தது. யாரோ 'காலை' என்று சேர்த்த வணக்கப் படங்களும் அங்கேதான், 'கொலை' என்று சேர்த்த செய்திகளும் அங்கேதான். பிள்ளைகளின் படத்தைப் பார்க்க வந்த பெற்றோர் 'அடுத்து' பொத்தானை அழுத்த, ரத்தமும் அரிவாளும் வந்து நின்றன. "மாமா, நீங்கதானே இந்தத் தளம் நல்லாயிருக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சொன்னேன்தான். இதே போலப் பக்கங்களைத் தேடித் தந்த ஸ்டம்பிள்அப்பான் தளம் 2018இல் மூடப்பட்ட பிறகு உங்களிடம் வந்தவன் நான். பிடித்ததற்குப் பிடித்தது, பிடிக்காததற்குப் பிடிக்கவில்லை என்று மாதக்கணக்கில் அழுத்தித் தளத்துக்கு என் ரசனையைப் பழக்கினேன். என் பக்கத்தையே தள்ளிக்கொண்டிருக்காமல் ஊரார் எழுதியதைத் தேடித் தேடிச் சேர்த்தேன். ஒத்த ரசனையுள்ளவர்களைக் கண்டுபிடித்து, ஒருவர் சேர்த்ததை இன்னொருவருக்குக் காட்டுவதுதானே உங்கள் தொழில்? கலைக்கும் கொலைக்கும் ஒரே பெயர் வைத்தால் யாரை யாரோடு சேர்ப்பீர்கள்?

ஆங்கிலத்தில் போடலாமே என்பீர்கள். போட்டேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் வந்தது. 1692இல் சூனியம் வைத்ததாகப் பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்ட ஊர். பிடிக்கவில்லை என்று அழுத்தினால் ஓரிகன் மாநிலத் தலைநகரான சேலம் வருகிறது. மல்கோவா, ஜவ்வரிசி, தட்டுவடை செட் எதையும் காணோம். ஏற்காடு என்று ஆங்கிலத்தில் போட்டால் விடுதி விளம்பரங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் மேலே மெத்தைக் கட்டில் மட்டுமே இருக்கிறது போல! சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றி, அதன் நிழலில் காபி வளர்ப்பவர் ஒருவர் அருமையாக எழுதிய பக்கம், 'மளக' என்ற பெயரில் உங்கள் கிடங்கில் எங்கோ கிடக்கிறது.

இத்தனைக்கும் இது மலையைப் புரட்டும் வேலை அல்ல. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழ் 1991இலேயே ஏறிவிட்டது. அதில் க, ச, ல எல்லாம் 'எழுத்து' என்ற வகை. கால், கொம்பு, புள்ளி 'குறி' என்ற வகை. உங்கள் நிரல் எழுத்தை உள்ளே விட்டுவிட்டுக் குறியை வாசலிலேயே நிறுத்துகிறது என்றுதான் தெரிகிறது. அந்த வகையையும் அனுமதியுங்கள், அவ்வளவுதான். இந்திக்காரர்களுக்கும் வங்காளிகளுக்கும் சேர்த்தே நல்லது. சிரிப்புப் பொம்மைக்கெல்லாம் வழிவிடும் கதவு ஒரு புள்ளிக்குத் திறக்காதா? முகப்பில் 'வணக்கம்' என்று தமிழில் வரவேற்கிறீர்கள். அங்கே மட்டும் புள்ளி ஒழுங்காக இருக்கிறது.

கொஞ்சம் சூடாகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: கொம்பையும் காலையும் புள்ளியையும் வெட்டாதீர்கள். அப்புறம், ஏற்கெனவே சிதைந்து கிடக்கும் குறிச்சொற்களைச் சேர்த்தவர்களே திருத்த ஒரு வழி செய்யுங்கள். 'கல' என்று மட்டும் மிஞ்சியிருப்பது கலையா கொலையா என்று எந்த இயந்திரத்தாலும் சொல்ல முடியாது, சேர்த்தவருக்குத்தான் தெரியும். நான்காவது பதிலிலாவது ஆர்வங்களை விட்டுவிட்டு இதைப் பற்றி ஒரு வரி எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சவவயபபடட வாசி
(உங்கள் தளத்தில் என் பேட்டைக்கு இதுதான் பெயர்)