தேய்ப்புக்கடை அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் பூனை சாளை போய்விட்டாள். தெருவுக்கே தெரிந்த சேதிதான், திரும்ப ஒருமுறை சொல்ல எனக்குத் தெம்பில்லை. வாசலில் நிறுத்தி விசாரித்தவர்களுக்குக் கூடத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பேச வேண்டியதை எழுதிவிடுகிறேன், எழுதும்போது தொண்டை அடைத்தாலும் யாருக்கும் தெரியாது.

முதலில் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு. பூனைக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு 5-ஐத் தாண்டினாலே சிறுநீரகம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று கணக்கு. சாளைக்கு அதற்கும் மேலே ஏறியிருந்தது. அதை மழுப்பாமல் சொன்னீர்கள். கிட்னி முக்கால்வாசி கெட்ட பிறகுதான் சாதாரண ரத்தப் பரிசோதனையில் இந்த நம்பர் ஏறவே ஆரம்பிக்கும், அதனால் "முன்னாடியே வந்திருக்கலாமோன்னு மனசைப் போட்டு உழப்பாதீங்க" என்று அந்தச் சின்ன டாக்டரம்மா சொன்னாரே, அந்த ஒரு வார்த்தையில்தான் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வந்தது. வீட்டிலேயே டிரிப் போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். தோள்பட்டை நடுவில் தோலைத் தூக்கிப் பிடித்து, அந்த இடைவெளியில் ஊசியை நுழைக்க வேண்டும். ரிங்கர் லாக்டேட் என்ற அந்த உப்புநீர் மருந்து இறங்க இறங்க முதுகில் திமில் போல ஒரு வீக்கம் எழும்பும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் இறங்கிவிடும்.

இனி அண்ணாச்சி.

எங்கள் காம்பவுண்டு முனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்ப்பவர். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் வண்டியை விட்டுவிட்டு, எங்கள் மாடிப்படிக்கு அடியில் மேசையைப் போட்டுக்கொள்வார். அவருக்கும் சாளைக்கும் பல வருஷப் பகை. தேய்த்து அடுக்கிய துணியின் சூடு அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அவர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து அடுக்கின் மேல் ஏறிப் படுத்துவிடுவாள். "எம்மா, ஒங்க சவத்துப் பூனை வாத்தியார் வேட்டி பூராவும் முடியப் பூசிட்டு" என்று கீழேயிருந்து சத்தம் வரும். துணிக்குத் தெளிக்கிற தண்ணீரில் பாதி அவள் மேல்தான் போகும்.

இந்த மழைக்கு அவள் படி இறங்கவில்லை. "சவத்தக் காங்கலியே" என்று அவராகக் கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். உடம்பு சில்லிட்டுக்கொண்டே போகிறது, டிரிப் பாட்டில் குளிர்ச்சியாக இருந்தால் உடம்பைச் சுருக்கிக்கொள்கிறாள் என்றும் சொல்லிவைத்தேன். பூனைக்கு நல்ல உடம்பில் 38 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டிய சூடு, கிட்னி கைவிடும்போது இறங்கிவிடுகிறது. அவர் ஒன்றும் பேசவில்லை, சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கதவைத் தட்டினார். கையில் ஒரு பழைய வேட்டி, எட்டாக மடித்து, தொட்டால் கை சுடுகிற பதத்தில். "இத வயித்துக்கு அடியில போடும்மா. சூடு ஆறிட்டுன்னா கொண்டா, திரும்பத் தேச்சுத் தாரேன்." கூடவே பாட்டிலில் சுற்ற ஒரு துண்டு. அதற்கப்புறம் கடை மூடும் முன்னால் தினமும் ஒருமுறை மேலே வந்தார். காசு நீட்டினேன். "போம்மா, சிரட்டைக் கரி எரிஞ்சிக்கிட்டுதான கெடக்கு" என்றார். மழைக்காலத்தில் அவருக்கு வேலை பாதிதான் வரும், கரி விலை என்ன என்பதும் எனக்குத் தெரியும்.

கடைசி நாள் காலையில் வழக்கத்துக்கு முன்பே வந்து பெட்டியை மூட்டியிருந்தார். நாங்கள் அவரிடம் நேரம் சொல்லவில்லை, யார் சொன்னார்களோ. வேட்டியைத் தேய்த்து, தினத்தந்தித் தாளில் இறுக்கிச் சுருட்டிக் கொடுத்தார். "இராமையன்பட்டி வரைக்கும் தாங்கும்." தாங்கியது. டாக்டர் மேசையில் அந்த வேட்டியை விரித்தபோது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சாளை முன்னங்காலால் அதை இரண்டு தடவை பிசைந்துவிட்டு மோவாயை வைத்துக்கொண்டாள். "துணி இருக்கட்டும்" என்று சொல்லித்தான் டாக்டர் முதல் ஊசியைப் போட்டார், மயக்க ஊசி. அடுத்ததை நான் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான்: "சூடு இருந்துச்சா?" இருந்தது அண்ணாச்சி என்றேன். சரி என்று அடுத்த சட்டையை எடுத்தார்.

பூனை என்றால் உயிர் என்று சொல்லிக்கொள்கிற எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. ஹீட்டிங் பேட் எங்கே கிடைக்கும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷமாக அவரிடம் நான் பேசியதெல்லாம் எத்தனை உருப்படி, எவ்வளவு பாக்கி என்பது மட்டும்தான். இனிமேல் அப்படி இருக்காது.

மற்றவர்களைச் சேர்த்துச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதி ராத்திரியில் டிரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து நின்ற மாடிவீட்டு டீச்சர், சுலோசன முதலியார் பாலத்து நெரிசலில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தவர்களை எல்லாம் திட்டிக்கொண்டு மெதுவாகவே ஓட்டிய ஆட்டோக்காரத் தம்பி, சாளை சாப்பிட மாட்டாள் என்று தெரிந்தும் கடைசி வாரம் வரை அவள் பங்குக்கு நாலு மீனை எடுத்துவைத்த மீன்கார ஆச்சி, தன் தென்னந்தோப்பில் இடம் கொடுத்து, நாய் தோண்டிவிடக் கூடாது என்று கொட்டுகிற மழையில் இடுப்பளவு குழி வெட்டிய வீட்டுக்கார அண்ணன், எல்லோருக்கும் நன்றி. "ஒரு பூனைக்காகவா இவ்வளவு?" என்று கேட்டவர்களுக்கு மட்டும் இப்போதைக்கு இல்லை. மனசு ஆறட்டும், பார்க்கலாம்.

பிரிக்காத ரிங்கர் லாக்டேட் பாட்டில்களும் ஊசிகளும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, மேலப்பாளையம் பக்கம் யார் வீட்டிலாவது பூனைக்கு டிரிப் போடச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்து, ஊசியைப் பிடிக்கக் கை நடுங்கினால் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை. அளவு எழுதின சீட்டைத் தயாராக வைத்திருங்கள். நான் வருவதற்குள் உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரண மாத்திரை, பூனைக்கு ஒன்றே விஷம். கூலி எதுவும் வேண்டாம், காப்பி கொடுத்தால் குடிப்பேன்.