அவசர கருத்தடை மாத்திரை குடுக்கறவங்களுக்கு: அதுக்கப்புறம் வர்ற ரத்தத்த பத்தியும் சொல்லி அனுப்புங்க

மெடிக்கல் கவுண்டர்ல நிக்கிறவங்களுக்கும் ஓபி பாக்குற டாக்டர்களுக்கும் நர்ஸுங்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். அவசர கருத்தடை மாத்திரை கேட்டு வர்ற பொண்ணுகிட்ட நீங்க பேசறது ரொம்ப கம்மி. கவர்ல போட்டு குடுத்துட்டு அடுத்த ஆள பாக்க போயிடறீங்க, மிஞ்சிப்போனா "72 மணி நேரத்துக்குள்ள போட்டுடு" அவ்ளோதான். ஆனா நிறைய பேருக்கு பெரிய பயம் ஆரம்பிக்கறதே மாத்திரைய முழுங்குனதுக்கு அப்புறம்தான். சில நாள் கழிச்சு லேசா பிரவுன் கலர்ல படுது, இது பீரியட்ஸா, இல்ல கரு கலையுதா, இல்ல கர்ப்பப்பைக்கு ஏதாவது ஆயிடுச்சானு ஒண்ணும் புரியாம ராத்திரி பூரா முழிச்சிருக்கா. இன்னொருத்திக்கு தேதி தாண்டியும் வரல, அவ வீட்டுக்கு தெரியாம தினமும் ஒரு டெஸ்ட் கிட் வாங்கி பாத்துட்டு இருக்கா. யார்கிட்டயும் கேக்க முடியாது, அம்மாகிட்ட முடியாது, அக்காகிட்ட முடியாது, அதனால என்ன மாதிரி யாராவது பழகுனவங்ககிட்ட தயங்கி தயங்கி கேக்கறாங்க. எனக்கு தெரிஞ்சத சொல்றேன், ஆனா இத சொல்ல வேண்டியது நீங்கதானே?

அதிகமா கேக்கற கேள்வி ஒண்ணுதான், "ப்ளீடிங் வந்துடுச்சு, அப்ப நான் சேஃப் தானே?"

இதுக்கு ஆமானு சொல்லவே முடியாது, இல்லனும் சொல்ல முடியாது. இந்த மாத்திரையில இருக்கற லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம்ங்கறது ஒரே தடவையில உள்ள போற பெரிய ஹார்மோன் டோஸ், அதோட முக்கிய வேலையே கருமுட்டை வெளிய வர்றத தள்ளிப்போடறது. அந்த ஹார்மோன் ஏறி இறங்கும்போது கர்ப்பப்பை உள்சுவர்ல இருந்து கொஞ்சம் ரத்தம் கசியலாம், அடுத்த பீரியட்ஸுக்கு முன்னாடியே ஸ்பாட்டிங், அதாவது லேசா ரத்தம் படறது, வரலாம், பீரியட்ஸே ஒரு வாரம் முன்னாடியோ ஒரு வாரம் பின்னாடியோ வரலாம், வழக்கத்த விட அதிகமாவோ கம்மியாவோ இருக்கலாம். இதெல்லாம் தானா சரியாகக்கூடிய விஷயம், நிறைய பேருக்கு அடுத்த சைக்கிள்லயே பழையபடி ஆயிடும். ஆனா மாத்திரை போட்டு ரெண்டு மூணு நாள்ல வர்ற லேசான ரத்தம் மாத்திரை வேலை செஞ்சதுக்கு சாட்சி கிடையாது. அது பீரியட்ஸும் கிடையாது. கர்ப்பம் தங்குனவங்களுக்கும் ஆரம்பத்துல லேசா ரத்தம் படலாம். அப்புறம் அது கரு கலையுறதும் இல்லங்க, ஏன்னா இந்த மாத்திரைக்கு ஏற்கனவே தங்குன கர்ப்பத்த கலைக்கற சக்தியே இல்ல, அந்த கருவுக்கு இதனால கெடுதல் வர்றதாவும் தெரியல. இந்த ஒரு விஷயம் தெரியாம தன்ன கொலகாரி மாதிரி நெனச்சு அழுத பொண்ணுங்க இருக்காங்க, அத நெனச்சா எனக்கு மனசு தாங்கல.

அப்ப எதத்தான் நம்பறது? டெஸ்ட்ட. அதையும் சரியான நாள்ல. மறுநாளே யூரின் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ்னு நிம்மதியா இருந்துட்டு அப்புறம் மாட்டிக்கறவங்க இருக்காங்க, ஏன்னா கரு கர்ப்பப்பையில ஒட்டுனதுக்கு அப்புறம்தான் கர்ப்பத்த காட்டற ஹார்மோன் யூரின்ல தெரியும், அதுக்கே ஒரு வாரத்துக்கு மேல ஆகும். எதிர்பாத்த தேதிய தாண்டி 7 நாள் ஆகியும் பீரியட்ஸ் வரலன்னா டெஸ்ட் எடுக்கணும். தேதியே ஒழுங்கா தெரியாதவங்க, எப்பவுமே இர்ரெகுலரா இருக்கறவங்க, வந்த ரத்தம் வழக்கம்போல இல்லன்னு சந்தேகப்படறவங்க, கடைசியா பாதுகாப்பு இல்லாம சேர்ந்த நாள்ல இருந்து 21 நாள் கழிச்சு எடுத்தா அந்த ரிசல்ட்ட நம்பலாம். மாத்திரை போட்ட நாள்ல இருந்து இல்ல, கடைசியா சேர்ந்த நாள்ல இருந்து, இத தயவுசெஞ்சு அழுத்தி சொல்லுங்க.

ஏன் இவ்ளோ அழுத்தறேன்னா இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. மாத்திரை முட்டைய நிறுத்தல, தள்ளித்தான் போட்டிருக்கு, அது அஞ்சாறு நாள் கழிச்சு வெளிய வரலாம், அந்த நேரத்துல மாத்திரை போட்டாச்சே இந்த மாசம் கவலை இல்லன்னு மறுபடி காண்டம் இல்லாம இருந்தா கர்ப்பம் ஆக நல்லாவே வாய்ப்பு இருக்கு. போட்ட மாத்திரை நடந்து முடிஞ்சதுக்குத்தான், இனிமே நடக்கப்போறதுக்கு இல்ல. அதே மாதிரி முட்டை ஏற்கனவே வெளிய வந்திருந்தா மாத்திரையால பெருசா பிரயோஜனம் இருக்காது, அதனாலதான் நேரத்துக்கு போட்டும் சிலருக்கு கர்ப்பம் ஆகுது. அவங்கள பாத்து நீ ஒழுங்கா போட்டிருக்க மாட்டனு சொல்றது ரொம்ப தப்பு.

கவுண்டர்ல ரெண்டு கேள்வி கேட்டா போதும், வேற என்ன மாத்திரை சாப்பிடற, வெயிட் அதிகமா இருக்கா. டிபிக்கு குடுக்கற ரிஃபாம்பிசின், வலிப்புக்கு குடுக்கற கார்பமாசெபைன், ஃபெனிடோயின் இதெல்லாம் இந்த மாத்திரையோட பலத்த கொறைக்கும். உடம்பு எடை அதிகமா இருக்கறவங்களுக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சரியா கேக்காம போகலாம். போட்டு 2 மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா திரும்ப போடணும்னும் சொல்லிடுங்க. யூலிப்ரிஸ்டல்னு இன்னொரு மாத்திரை 120 மணி நேரம் வரைக்கும் கேக்கும், 5 நாளுக்குள்ள கர்ப்பப்பைக்குள்ள வெக்கற காப்பர் டி வெச்சா அது எல்லாத்தையும் விட நம்பகமானது, இந்த மருந்துங்க கொறைக்கறதோ எடையோ அதுக்கு பிரச்சனையே இல்ல. அப்படி ஒரு வழி இருக்குன்னே நிறைய பேருக்கு யாரும் சொன்னதில்ல.

ஒரே மாசத்துல ரெண்டு மூணு தடவ போட்டவங்களுக்கு ரத்தம் இன்னும் தாறுமாறா வரலாம், எப்ப வருது எப்ப நிக்குதுனே தெரியாது. அவங்களுக்கு குழந்தையே பிறக்காதுனு பயமுறுத்தறாங்க சிலர், அது உண்மை இல்ல. திரும்ப திரும்ப தேவைப்படுதுன்னா அவளுக்கு ரெகுலரான கருத்தடை வழி வேணும்னு அர்த்தம், அத பத்தி உக்கார வெச்சு பேசுங்க, திட்டாதீங்க.

டாக்டர்கள்கிட்ட தனியா ஒண்ணு. ரத்தம் நிக்கலன்னு வர்ற பொண்ணுகிட்ட கல்யாணம் ஆயிடுச்சானு கேக்கறதுக்கு முன்னாடி கடைசி பீரியட்ஸ் எப்போ, மாத்திரை எப்போ போட்ட, டெஸ்ட் எடுத்தியானு கேளுங்க. கூட வந்தவங்கள வெளிய உக்கார சொல்லிட்டு கேளுங்க. முதல் கேள்வியே அவமானமா இருந்தா மாத்திரை போட்டதையே மறைச்சிடுவா, அப்புறம் உங்களுக்கே என்னன்னு கண்டுபிடிக்க கஷ்டம்.

அவ மறைக்கறதுனால எதெல்லாம் தப்பிப்போகும்னு உங்களுக்கே தெரியும். டெஸ்ட் பாசிட்டிவ், அடிவயித்துல ஒரு பக்கமா கடுமையான வலி, தோள்பட்டை வலி, தல சுத்தி மயக்கம், இப்படி இருந்தா கரு கர்ப்பப்பைக்கு வெளிய, குழாய்ல தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. மாத்திரையால அது வருதுன்னு இல்ல, ஆனா மாத்திரைக்கு அப்புறமும் கர்ப்பம் ஆகியிருந்தா அத பாத்தே ஆகணும். ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பேட் நனையற அளவுக்கு ரத்தம் தொடர்ந்து போனாலும் காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு போகணும். இத கடைக்காரர் சொல்லலாம், நர்ஸ் சொல்லலாம், யார் சொன்னாலும் சரி.

வாயால சொல்ல கூச்சமா இருந்தா, கவுண்டர்ல கூட்டமா இருந்தா, இதையே உள்ளங்கை அளவு சீட்டுல அச்சடிச்சு கவருக்குள்ள போட்டுடுங்க. ஸ்பாட்டிங் வரலாம் அது பீரியட்ஸ் இல்ல, 7 நாள் தள்ளிப்போனா இல்லன்னா 21 நாள் கழிச்சு டெஸ்ட் எடு, அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் காண்டம் இல்லாம வேணாம், இந்த வலி வந்தா இங்க வா. தமிழ்ல, அவளுக்கு புரியற தமிழ்ல, பெரிய எழுத்துல.