புதையலை ஒளித்துவைக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி விழாக்களிலும், குடியிருப்போர் சங்கங்களின் பொங்கல் கொண்டாட்டங்களிலும், வாசகர் வட்டங்களிலும், இணையத்திலும் புதையல் வேட்டை நடத்துகிற அன்பர்களுக்கு,

வணக்கம். புதிர் எழுதுவதிலும் அவிழ்ப்பதிலும் நெடுங்காலம் ஈடுபாடுள்ள சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. யாராலும் அவிழ்க்க முடியாத புதிரை எழுதுவது மிக எளிது. அதை யார் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். கடினமான வேலை வேறு: தேடுகிறவர் மண்ணில் கை வைப்பதற்கு முன்பே, "இதுதான் இடம், வேறு எதுவும் இல்லை" என்று அவருக்கே உறுதியாகத் தெரிய வேண்டும். அந்த உறுதியைத் துப்புகளுக்குள்ளேயே வைக்கும் பொறுப்பு உங்களுடையது. இந்த மடலில் நாங்கள் கேட்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சாண்டா ஃபே நகரத்துக் கலைப்பொருள் வணிகர் ஃபாரஸ்ட் ஃபென், தங்கமும் நகைகளும் நிறைந்த வெண்கலப் பேழை ஒன்றை ராக்கி மலைத்தொடரில் ஒளித்துவைத்து, 2010இல் 24 வரிக் கவிதை ஒன்றை வெளியிட்டார். அதற்குள் ஒன்பது துப்புகள். முதல் துப்பு, வெதுவெதுப்பான நீர் நிற்கும் இடத்தில் தொடங்கச் சொல்கிறது. வெந்நீர் ஊற்று, அணை, ஆறுகள் கூடும் இடம் என அந்த வரி பொருந்தும் இடங்கள் அந்த மலைகளில் எண்ணற்றவை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்த வரிக்கும் ஒரு பள்ளத்தாக்கு கிடைத்துவிடும். "நீ தவறான வழியில் போகிறாய்" என்று சொல்லும் கூறு எதுவுமே கவிதைக்குள் இல்லை. அதனால் ஒவ்வொருவரும் தம் விடையே சரி என நம்பி ஆற்றிலும் மலைச்சரிவிலும் இறங்கினார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வேட்டையை நிறுத்தும்படி நியூ மெக்சிகோ மாநிலக் காவல்துறைத் தலைவரே 2017இல் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தைத் தோண்டிய ஒருவருக்கு 2021இல் ஆறு மாதச் சிறை கிடைத்தது. பேழை 2020 ஜூனில் வயோமிங் மாநிலத்தில் கிடைத்தது. அவ்வளவு உழைப்பும் உயிரும் ஒரு தளர்வான வரியில் கரைந்தன என்பதை எங்களால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இதற்கு நேர்மாறான நல்ல கட்டமைப்பு 1979இலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. ஓவியர் கிட் வில்லியம்ஸ் தங்க முயல் ஒன்றைச் செய்து புதைத்துவிட்டு, 15 ஓவியங்கள் கொண்ட நூலில் இடத்தை மறைத்தார். ஓவியத்தில் உள்ள உருவங்களின் கண்ணிலிருந்து நீண்ட விரலின் நுனி வழியாகக் கோடு இழுத்தால், அது ஓரச்சட்டத்திலுள்ள எழுத்து ஒன்றைத் தொடும். ஓர் ஓவியத்துக்கு ஒரு சொல்லோ தொடரோ கிடைக்கும். பதினைந்தையும் சேர்த்தால், பகலும் இரவும் சமமாகும் வசந்தகால அல்லது இலையுதிர்காலச் சமநாளில், நண்பகலில், ஓர் உயர்ந்த சிலுவையின் நிழல் காட்டும் இடத்தைச் சொல்லும் வாசகம் வருகிறது. இதோடு நின்றிருந்தாலும் புதிர் ஆகியிருக்கும். ஆனால் அந்தப் பதினைந்தின் முதலெழுத்துகளைக் கோத்தால் "ஆம்ப்ட்ஹில் அருகே" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் வருகிறது. அந்தச் சிலுவை நிற்கும் ஊர் அதுவே. ஒரே விடையை இரண்டு தனி வழிகள் உறுதிசெய்கின்றன. தற்செயலாக இப்படி அமையவே முடியாது. தேடுகிறவருக்கு இனிச் சந்தேகம் வராது. நீங்களும் இதைச் செய்யலாம்: ஆறு துப்புகளின் விடைகளிலும் இரண்டாம் எழுத்தை எடுத்துச் சேர்த்தால் தெருவின் பெயர் வரட்டும். ஒரு விடை தவறினாலும் பெயர் குலைந்துவிடும், எந்தத் துப்பில் பிழை என்றும் தெரிந்துவிடும்.

நிழலைத் துப்பாக்க விரும்புவோர் நம் ஊரில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சமநாள் நண்பகலில் 10 மீட்டர் தூணின் நிழல் ஆம்ப்ட்ஹிலில் ஏறத்தாழ 12.8 மீட்டர் நீளும். சென்னையில் அது 2.3 மீட்டர்தான், வடக்கு நோக்கி விழும். கடிகாரத்தில் 12 மணி என்பதும் நண்பகல் ஆகாது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டது. மார்ச் சமநாளில் சென்னையில் சூரியன் உச்சிக்கோட்டைக் கடப்பது சுமார் 12.16க்கு, கோவையில் சுமார் 12.30க்கு. துப்பில் "12 மணி" என்று எழுதினால் நிழலின் நுனி சென்னையில் 70 சென்டிமீட்டரும் கோவையில் 1.3 மீட்டரும் மேற்கே தள்ளி விழும். செப்டம்பர் சமநாளில் சென்னையின் நண்பகல் 12.02 அளவில் வந்துவிடுவதால், மார்ச்சில் சரிபார்த்த இடம் செப்டம்பரில் கடிகாரப்படி ஒத்துவராது. கோடையில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும்போது நிழல் தெற்கே விழும் என்பதையும் மறக்க வேண்டாம். நிழல் துப்பு வைத்தால் "நிழல் மிகக் குறுகும் கணம்" என்று எழுதுங்கள். அது எந்த ஊரிலும் கடிகாரம் இல்லாமலே சரியாக இருக்கும்.

நூலைச் சாவியாக வைத்து எண்களால் மறைமொழி எழுதுவது பலருக்கும் பிடித்த முறை. 1885இல் அமெரிக்காவில் வெளியான பீல் மறைமொழிகள் மூன்றில் இரண்டாவது, அந்நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தின் சொற்களை எண்ணிட்டு அவிழ்க்கப்பட்டது. அதிலும் எண்ணிக்கைப் பிழைகள் உண்டு. புதையல் இருக்கும் இடத்தைச் சொல்வதாகக் கருதப்படும் முதலாவது இன்னும் அவிழவில்லை, முழுவதுமே கட்டுக்கதை என்போரும் உண்டு. தமிழில் இம்முறைக்குக் குறளை விடச் சிறந்த சாவி இல்லை: 1330 குறள், ஒவ்வொன்றிலும் ஏழு சீர். "1-4" என்றால் முதல் குறளின் நான்காம் சீர், அதாவது "ஆதி". ஆனால் "நான்காம் சொல்" என்று எழுதினால் சிக்கல் தொடங்கும். சந்தி பிரித்த பதிப்பில் "எழுத்தெல்லாம்" என்பது "எழுத்து எல்லாம்" என்று இரண்டாகி, நான்காம் சொல் "எல்லாம்" ஆகிவிடும். ஆகவே சீர் என்றே சொல்லுங்கள். குறள் வரிசையும் உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறும். பரிமேலழகர் வரிசை என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதும்.

எழுத்தை எண்ணும் துப்பிலும் இதே கவனம் வேண்டும். "கொடி" நமக்கு இரண்டு எழுத்து, கணினிக்குப் பெரும்பாலும் நான்கு குறியீடு. தேடுகிறவர்களில் பாதிப்பேர் விரல்விட்டும் மீதிப்பேர் செயலியிலும் எண்ணினால் இரண்டு விடை வரும். கிரந்த எழுத்துள்ள சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். தமிழ் எண்களோ கைமேல் கிடைத்த செல்வம். ௧ பார்வைக்குக் க, ௨ உ, ௭ எ, ௮ அ. ஒரு செய்யுளின் வரிமுதல்களில் இவற்றை நிறுத்தி எண்ணை மறைத்தால், பள்ளிப் பிள்ளைகள்கூட அந்தக் கணத்தில் துள்ளிக் குதிப்பார்கள். இதை எவரும் அதிகம் கையாளவில்லை என்பது எங்களுக்கு வருத்தமே.

ஜிபிஎஸ் அச்சு எண்ணை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) இறுதி விடையாக வைப்பவர்கள் ஐந்து தசம இடம் கொடுங்கள். மூன்று இடம் என்றால் 110 மீட்டர்த் துல்லியம், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர். இருந்தாலும் கைபேசி திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் அளவுக்குப் பிசகும். உயரமான கட்டடத்தின் பக்கத்திலும் அடர்ந்த மரத்தடியிலும் பிசகு கூடும், ஏனெனில் சைகைகள் சுவரில் பட்டுத் திரும்பியும் இலைகளால் தடைபட்டும் வருகின்றன. அந்த எண், தேடுகிறவரை ஒரு வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும். வட்டத்துக்குள் எங்கே என்பதைக் கண்ணால் காணக்கூடிய, நகராத ஒன்றைக் கொண்டு சொல்ல வேண்டும். "பத்துக் காலடி வடக்கே" என்று எழுத வேண்டாம். யாருடைய காலடி?

வளாகத்துக்குள் இரண்டு மணி நேரம் நடக்கும் வேட்டையில் அடிக்கடி நேரும் கேடு, முதலில் வந்த அணி துப்புச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவது. அதனால் சீட்டே வைக்காதீர்கள். அட்டையாக அச்சிட்டு கட்டிவிடுங்கள், படம் எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த கேடு, ஒரு அணி மூளையைச் செலவழிக்க மற்றவை அதன் பின்னாலேயே ஓடுவது. ஆறு அணி, ஆறு நிலையம் என்றால் ஒவ்வொன்றையும் வேறு நிலையத்தில் தொடங்கவைத்துச் சுற்றவிடுங்கள். நிலையத்துக்கு ஓர் எழுத்து வீதம் சேர்த்தால் இறுதி இடம் கிடைக்கும்படி அமைத்தால் வரிசை ஒரு பொருட்டாகாது. ஆனால் ம, ணி, கூ என்று மூன்று கிடைத்ததுமே மணிக்கூண்டுக்கு ஓடிவிடுவார்கள். எனவே எழுத்துகளோடு பெட்டிப் பூட்டின் எண்களையும் பிரித்துக் கொடுங்கள். பூட்டு நான்கு இலக்கமாக இருக்கட்டும். மூன்று இலக்கப் பூட்டில் ஆயிரம் சேர்க்கைதான், பொறுமையுள்ள ஒருவர் அரை மணியில் திறந்துவிடுவார்.

பெட்டியைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஒயர் சுற்றிய குழாய், கறுப்பு டேப் ஒட்டிய டப்பா எதையும் பொது இடத்தில் வைக்காதீர்கள். வெடிகுண்டு என்று யாராவது போலீசுக்குச் சொன்னால் அவர்கள் மீது தவறில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் டப்பா, மேலே "விளையாட்டுப் பெட்டி" என்ற எழுத்து, பொறுப்பாளரின் எண், இடத்துக்கு உரியவரின் எழுத்துபூர்வ அனுமதி. இவ்வளவும் வேண்டும். கோயில், கல்வெட்டு, தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம் எதன் அருகிலும் கூடாது. "புதையல்" என்ற பேச்சுக்கே அங்கே கடப்பாறை வந்துவிடும். மண்ணுக்குள்ளும் புதைக்காதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதையுமே புதையல் என்கிறது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பிரான்சில் 1993இல் தொடங்கிய தங்க ஆந்தை வேட்டையில் பின்பற்றிய முறையே நல்லது: ஒளித்துவைத்தது வெண்கல ஆந்தையை, அதைக் கொண்டுவந்து கொடுப்பவருக்குத்தான் தங்க ஆந்தை. நீங்களும் ஓர் அடையாளச் சீட்டை ஒளித்துவைத்துவிட்டுப் பரிசைப் பீரோவில் பூட்டி வையுங்கள்.

விடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பதிப்பாளர் பைரன் பிரைஸ் 1982இல் வட அமெரிக்க நகரங்களில் 12 பேழைகளைப் புதைத்து, 12 ஓவியங்களையும் 12 செய்யுள்களையும் வெளியிட்டார். அவர் 2005இல் விபத்தில் இறந்தபோது இடங்களின் பட்டியல் எதையும் விட்டுச் செல்லவில்லை. சிகாகோவில் 1983இலும், கிளீவ்லாந்தில் 2004இலும், பாஸ்டனில் 2019இலும் மூன்று கிடைத்தன. மீதி ஒன்பது தேடப்படுகின்றன. பூங்காக்கள் திருத்தப்பட்டும் கட்டடங்கள் எழும்பியும் இருக்கின்றன. ஓவியத்தில் வரைந்த அடையாளம் இன்னும் நிற்கிறதா என்று சொல்ல ஆள் இல்லை. தங்க ஆந்தையின் ஆசிரியரும் 2009இல் காலமானார். அது கிடைத்தது 2024 அக்டோபரில். ஆகவே முழு விடையையும், படிக்குப் படி விளக்கத்தோடு, முத்திரையிட்ட உறையில் இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துவிட்டுத்தான் அறிவிப்பு வெளியிட வேண்டும்.

விடையை நடுவில் மாற்றவில்லை என்று காட்ட, தொடக்க நாளிலேயே அதன் ஷா-256 ஹாஷை, அதாவது விடையைக் காட்டிக்கொடுக்காத, ஆனால் விடையில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கணினிக் கைரேகையை, 64 எழுத்துக் கோவையாக வெளியிடலாம். அச்சு எண்ணை மட்டும் ஹாஷ் செய்யாதீர்கள். ஒரு நகரத்தின் ஐந்து தசம அச்சுகள் ஏறத்தாழ 40 கோடிதான், சாதாரணக் கணினி சில நிமிடங்களில் எல்லாவற்றையும் சோதித்துவிடும். கூடவே 20 எழுத்துத் தாறுமாறான கோவை ஒன்றைச் சேர்த்து, அதை உறைக்குள் வையுங்கள். தமிழ்ச் சொல்லை ஹாஷ் செய்யவும் வேண்டாம். "கொ"வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இரண்டாகவும் அமையக்கூடும். கண்ணுக்கு ஒன்று, ஹாஷுக்கு வேறு.

அறிவிப்புக்கு முன் எதுவும் தெரியாத மூன்று பேரிடம் துப்புகளைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் துப்பில் எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். இருவர் வெவ்வேறு விடைக்கு நியாயமான காரணம் சொன்னால் அந்தத் துப்பைத் திருத்தியே ஆக வேண்டும், "அவர்கள் சரியாக யோசிக்கவில்லை" என்று தள்ளக் கூடாது. உங்கள் நண்பர்களும் உறவினரும் வேட்டையில் சேரக் கூடாது. தங்க முயலை 1982இல் கைப்பற்றியவர் புதிரை அவிழ்க்கவே இல்லை, ஓவியருக்கு முன்பு நெருக்கமாக இருந்தவர் மூலம் இடம் கசிந்திருந்தது என்பது 1988இல் வெளியானது. முறையாக அவிழ்த்தவர்கள் இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள். முயல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

குறிப்பு கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கொடுங்கள். முடிவு நாளையும் முன்பே அறிவியுங்கள். அந்த நாள் வந்ததும், யாரும் கண்டுபிடிக்காவிட்டாலும் பெட்டியை நீங்களே எடுத்துவிட்டு, உறையைப் பிரித்து விடை முழுவதையும் அன்று மாலையே வெளியிடுங்கள்.

அன்புடன்,
புதிர் ஆர்வலர்கள் சிலர்