மலைச்சரிவு வில்லாவின் பின்சுவரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில், கான் நகருக்கு மேலுள்ள மலைச்சரிவில் நிற்கும் நவீன சொகுசு வில்லா பற்றி ஞாயிறு இணைப்பில் கட்டுரை வந்திருந்தது. கண்ணாடிச் சுவரும் கடலோடு கலப்பதுபோல் தோன்றும் நீச்சல் குளமும் படங்களில் இருந்தன. பின்பக்கம் மலையைத் தாங்கும் சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வீட்டின் உயிரே அங்குதான் இருக்கிறது.

தாங்கு சுவருக்கு மண்ணைவிடத் தண்ணீர்தான் பெரிய பகை. நீர் நன்றாக வடியும் மணற்பாங்கான மண், 3 மீட்டர் உயரச் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டன் அழுத்தும். மழைநீர் வெளியேற வழியின்றி உச்சிவரை தேங்கினால் அதுவே 4 டன் ஆகும். ஆகவே சுவரின் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்குக் கழுவிய ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, அடியில் மீட்டருக்கு 1 செ.மீ. சரிவில் துளையிட்ட பைப் ஆகிய மூன்றும் வேண்டும். துணியை மிச்சம் பிடித்தால் நுண்மண் ஜல்லிக்குள் இறங்கி, சில ஆண்டுகளில் வடிகாலை அடைத்துவிடும். இதைவிட மோசம், வெள்ளைப் பூச்சில் கறை படிகிறதென்று சுவரில் தண்ணீர் வெளியேற விட்ட கசிவுத் துளைகளையே பூசி மூடுவது. அதன்பின் ஈரத்திட்டும் உப்புப் படிவமும் தெரியும். பிறகு படுக்கைவாட்டில் வெடிப்பு ஓடும், சுவர் வயிறு தள்ளும்.

கான் நகரைச் சுற்றியுள்ள தென்கிழக்கு பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதி விவசாயிகள் இதை அறிந்திருந்தார்கள். அவர்களது ‘ரெஸ்தாங்க்’ சுவர்கள் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்கள். தண்ணீர் இடுக்குகள் வழியே தானாகப் போய்விடும். பிரான்ஸ் உள்ளிட்ட 8 நாடுகளின் இந்தக் கைத்திறனை யுனெஸ்கோ 2018இல் பண்பாட்டு மரபாக ஏற்றது. கான் பகுதி கோடை முழுக்க வறண்டு கிடந்து, இலையுதிர் காலத்தில் சில மணி நேரத்தில் மழை கொட்டித் தீர்க்கும். 2015 அக்டோபர் 3 இரவு கான் பகுதி வெள்ளத்தில் 20 பேர் இறந்தார்கள். பலர் நிலத்தடி வாகன நிறுத்தங்களில் சிக்கியவர்கள். சரிவில் பூமிக்குள் கராஜ் தோண்டுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

குளத்தின் பாதி வெட்டிய பாறைமேலும் மறுபாதி கொட்டி நிரப்பிய மண்மேலும் இருந்தால் நிரப்பிய பக்கம் அமிழும். நீர் வழியும் விளிம்பு ஒரு முனையில் 5 மி.மீ. இறங்கினாலே போதும்: அந்த முனையில் மட்டும் வழியும், மறுமுனை காய்ந்து கிடக்கும். வழியும் நீரைப் பிடித்து, பம்பு மூலம் குளத்துக்கே திருப்பி அனுப்ப உதவும், கீழே உள்ள சமநிலைத் தொட்டியும் போதுமான அளவில் இருக்க வேண்டும். பத்துப் பேர் இறங்கினால் ஏறக்குறைய 700 லிட்டர் வழியும். தொட்டி சிறிதானால் அது வீணாகும், அவர்கள் ஏறியதும் பம்பு காற்றை உறிஞ்சும்.

கண்ணாடியைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே ஜூன் நண்பகலில் சூரியன் 70 பாகை உயரத்தில் இருப்பதால், தெற்கே 1 மீட்டர் நீண்ட கூரை 2.7 மீட்டர் கண்ணாடிக்கு நிழல் தரும். மேற்கே மாலைச் சூரியன் தாழ்ந்திருப்பதால் அது பயன்படாது. வெளிப்புற ஷட்டர்தான் வழி. உள்ளே திரை போடுவது வெப்பம் நுழைந்த பின் கதவடைப்பது.

காட்டுத்தீ பரவாமலிருக்க, காட்டை ஒட்டிய வீடுகளைச் சுற்றி 50 மீட்டருக்குப் புதர் அகற்றுவது பிரெஞ்சுச் சட்டப்படி உரிமையாளரின் கடமை; மேயர் அதை 100 மீட்டராக உயர்த்தலாம். புதரை வெட்டி, தாழ்ந்த கிளைகளைக் கழித்து, மரங்களுக்கு இடையே இடைவெளி விட வேண்டும். வேரோடு பிடுங்கி மொட்டையடித்தால் சரிவு மண் மழையில் கரைந்து அதே சுவரின் பின்னால்தான் வந்து சேரும்.

இத்தகைய வீட்டை வாங்க நினைப்பவர்கள் ஆகஸ்ட் கடைசியில், மழைக்கு முன், வடிகாலின் மேல்வாயில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். கீழ்வாயில் தெளிவாக வந்தால் நல்லது. கலங்கி வந்தால் துணி கிழிந்திருக்கலாம். வராவிட்டால், விலை பேசுவதற்கு முன் பொறியாளரை அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்