பித்தளைக் குழாய் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மூன்று வாரமாகப் பட்டறைக்கு வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சிலர் வாசலிலேயே கேட்டுவிடுகிறார்கள். சிலர் உட்கார்ந்து, டீ வரும்வரை ஊர்க்கதை பேசிவிட்டு, அப்புறம் மெல்லக் கேட்கிறார்கள். "டாட்ஜ் இன்ஜினுக்குள்ளே நீங்கள் தகரக் குழாய் போடுகிறீர்களாமே?"

எங்கிருந்து வந்த பேச்சு என்பது உங்களுக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற ஒரு பழைய டாட்ஜ் கார், யாங்கோன் பியே ரோட்டில் மணப்பெண்ணை உள்ளே வைத்துக்கொண்டு கொதித்து நின்றுவிட்டது. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி பறக்கிற படத்தை அந்த வண்டிக்காரர் எடுத்து, எங்கள் பட்டறை இருக்கும் தெருவையும் எழுதி அனுப்பிவிட்டார். அது கைபேசிக்குக் கைபேசி போய், மோல்மேனில் இருக்கும் என் சின்னம்மா வரைக்கும் எட்டிவிட்டது. அந்தப் பெண் நல்ல நேரத்துக்குள் மண்டபம் போய்ச் சேர்ந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டு மனம் ஆறினோம். அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் ஏற்பட்ட சங்கடத்துக்காக மனதார வருந்துகிறோம். அதில் எங்களுக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

ஆனால் "தகரம்" என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அது என்ன குழாய் என்று தெரியாமலேயே பாதிப் பேர் பேசுகிறார்கள். டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ, ஃபார்கோ என்று கிரைஸ்லர் குடும்பத்தில் வந்த பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் வால்வுகள் மேலே, மூடி மாதிரி இருக்கிற ஹெட்டில் இருக்காது. பக்கவாட்டில், சிலிண்டர்கள் அடங்கிய பிளாக்குக்குள்ளேயே இருக்கும். எரிந்த புகை பிளாக்கின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அப்படியென்றால் அந்தப் புகையை வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் வால்வு உட்கார்கிற இடம் எவ்வளவு சூடாகும் என்று யோசித்துப் பாருங்கள். அதைக் குளிர்விக்கத்தான் வாட்டர் பம்ப்புக்குப் பின்னால், பிளாக்கின் நீளம் முழுக்க, தட்டையான ஒரு குழாய் வைத்தார்கள். அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ரேடியேட்டரில் ஆறி வந்த தண்ணீர் இந்தக் குழாய்க்குள் புகுந்து, துளை வழியாக நேரே வால்வு இருக்கைகளின் பக்கம் பாயும். கடைசியில் இருக்கும் ஆறாவது சிலிண்டருக்கும் முன்னால் இருக்கும் ஒன்றாவதற்குக் கிடைக்கிற அதே தண்ணீர் கிடைக்கும். ரொம்ப யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

கம்பெனி வைத்த அந்தக் குழாய் இரும்புத் தகடு. துருப்பிடிக்கும். நம் ஊரில் குளிரில் உறையாமலும் துருப்பிடிக்காமலும் இருக்கத் தண்ணீரில் மருந்து கலக்கிற பழக்கம் கிடையாது. கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கையில் கிடைத்ததை ஊற்றி எழுபது வருடம் ஓட்டியிருக்கிறோம். குழாய் பொத்துப்போனால் தண்ணீர் முன்பக்கமே மேலேறி ரேடியேட்டருக்குத் திரும்பிவிடும். ஐந்தாவதும் ஆறாவதும் வறண்டு கிடக்கும். வால்வு கருகும், இருக்கை வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. "ரேடியேட்டரை மாற்றினேன், பம்ப்பை மாற்றினேன், இன்னும் கொதிக்குது சயா (ஐயா)" என்று எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்! காரணம் உள்ளே செத்துக் கிடந்த அந்தக் குழாய்தான்.

அதை வெளியே எடுப்பது பெரிய பாடு. ரேடியேட்டரைக் கழற்றி, பம்ப்பை இறக்கி, முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். முழுசாக வந்தால் அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி. பெரும்பாலும் நொறுங்கிய அப்பளம் மாதிரி துண்டு துண்டாகத்தான் வரும். போன மாதம் ஒரு ஃபார்கோ லாரியில் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து, கடைசித் துண்டை மச்சான் இரண்டு விரலால் நெருடி எடுத்தபோது மணி மூன்றரை. பக்கெட்டில் விழுந்த தண்ணீர் கொட்டைப்பாக்கு நிறத்தில் இருந்தது. வண்டிக்காரர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். அவரைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த இடத்தில் நாங்கள் வழக்கமாகப் போடுவது பித்தளை. 22 கேஜ் பித்தளைத் தகடு, முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனம். இரும்பு போலத் துருப்பிடித்து உதிராது. அப்பா காலத்தில், உடையாமல் முழுசாக வந்த ஒரு கம்பெனிக் குழாயைத் துடைத்து எண்ணெய் பூசி ஆணியில் மாட்டி வைத்தார். இன்றும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. எங்களுக்கு அதுதான் அளவுகோல். தகட்டை மடிப்பதற்கு முன்பே, அந்தக் குழாயில் துளை எங்கே, எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டு வெட்டி, அரம் போட்டுப் பிசிர் எடுப்போம். பிசிர் நின்றால் அங்கே அழுக்கு சேரும். அப்புறம் மங்கலான சிவப்பு தெரிகிற வரைக்கும் தகட்டைச் சூடாக்கி ஆறவிட வேண்டும். அப்போதுதான் விரிசல் விடாமல் சொன்னபடி வளையும். சிவப்பு கொஞ்சம் கூடினாலும் தகடு வீண். மின்வெட்டு நேரத்தில் இந்த வேலை நன்றாக வருகிறது, இருட்டில்தானே அந்த நிறம் கண்ணுக்குப் பிடிபடும். ஆறிய பிறகு தேக்குக் கட்டையில் செதுக்கிய அச்சின்மேல் வைத்து, மரச் சுத்தியலால் ஓரத்திலிருந்து மெல்லத் தட்டி மடிப்போம். இரும்புச் சுத்தியல் ஒரு அடி பட்டாலும் பள்ளம் விழுந்து, பிளாக்குக்குள் நுழையும்போது அங்கே சிக்கிக்கொள்ளும்.

இணைப்பு அடிப்பக்கம் வருகிறது. நான்கு மில்லி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஈயப்பற்று வைக்கிறோம். "சூட்டில் ஈயம் உருகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, உங்கள் ரேடியேட்டர் முழுவதும் ஈயப்பற்றில்தான் நிற்கிறது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரிக்கு மேல்தான் இளக ஆரம்பிக்கும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அழுத்த மூடி போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தண்ணீர் நிற்கிற வரைக்கும் அந்தப் பற்றுக்கு ஒன்றும் ஆகாது.

மாட்டுவதற்கு முன்னால் குழாயை மேஜைமேல் வைத்து முனையில் ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீர் திறந்துவிடுவோம். எல்லாத் துளையிலிருந்தும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் எழும்ப வேண்டும். ஒன்று தாழ்ந்தாலும் மறுபடி அரம் எடுப்போம். பார்த்தவர்களுக்குத் தெரியும். இதையா தகர டப்பா வேலை என்கிறீர்கள்?

"ஒரிஜினல் வாங்கிப் போடக் கூடாதா" என்றும் கேட்கிறார்கள். இந்த நாட்டில் இருந்துகொண்டு அந்தக் கேள்வி எப்படி வருகிறதோ! 1962க்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் வருவது படிப்படியாக நின்றது. 1964இல் கடைகளெல்லாம் அரசாங்கத்துக்குப் போனபோது நம் ஆட்கள் நிறையப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அப்பா இங்கேயே இருந்தார். இரண்டாம் உலகச் சண்டைக்கு வந்து நின்றுபோன செவர்லே லாரிகள் அறுபது வருடம் இந்த ஊரில் பஸ்ஸாக ஓடினவே, எந்த நாட்டுச் சாமானில் ஓடின? எல்லாம் இந்த மாதிரிப் பட்டறைகளில் கையால் அடித்ததுதான். 2011இல் நாற்பது வருடம் தாண்டிய வண்டியைக் கொடுத்தால் புது வண்டி இறக்க அனுமதி என்று வந்தபோது எத்தனை நல்ல வண்டிகள் உடைப்புக்குப் போயின! நீங்கள் கொடுக்கவில்லை. தாத்தா வாங்கிய வண்டி என்று வைத்துக்கொண்டீர்கள். அந்த வண்டிகளை நம்பித்தான் நாங்களும் இருக்கிறோம்.

அந்தக் கல்யாண வண்டிக்கு வருகிறேன். குழாய் போட்ட அன்றே ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குள் இருக்கும் சின்னக் குழாய்களில் பாதி அடைத்திருக்கின்றன என்று வண்டிக்காரரிடம் சொன்னோம். பௌத்தத் தவக்காலம் முடிகிற தடிஞ்சுப் பண்டிகை முடிந்து கல்யாண சீசன் தொடங்கிவிட்டது, ஒரு நாள்கூட வண்டியை விட முடியாது என்றார். அவர் நிலைமையும் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அடைத்த ரேடியேட்டரோடு நடுப்பகலில், ஊர்வல வேகத்தில், மேளத்துக்குப் பின்னால் ஓட்டினால் எந்த வண்டியும் கொதிக்கும். இதையும் அவர் எழுதியிருக்கலாம். போன மழைக்காலத்தில் தாய்லாந்து எல்லையில் இருக்கும் மியாவடி வழியாகச் சரக்கு வராமல் பித்தளை கிடைக்காத சமயம் நான்கு வண்டிகளுக்கு மட்டும் கால்வனைஸ் தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், குழாய் போட்டோம். அவருடையது அதில் ஒன்று. நான்கையும் செலவில்லாமல் பித்தளைக்கு மாற்றிக் கொடுக்கிறோம். அவரும் தாராளமாக வரட்டும்.

இனி விலை. பித்தளை, ஈயம், காஸ், ஜெனரேட்டருக்கு டீசல், எல்லாம் என்ன விலையில் நிற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் டாலர் 2,100 கியாட், தகட்டுக்காரரிடம் அந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார். இதுவரை குழாய்க்கும் மாட்டுகிற கூலிக்கும் சேர்த்து 1 லட்சத்து 80 ஆயிரம் வாங்கினோம். அடுத்த மாதத்திலிருந்து 2 லட்சத்து 60 ஆயிரம். முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான்.

நாளும் கூடும். பட்டறையில் மூன்று பையன்கள் இருந்தார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்த பிறகு இரண்டு பேர் தாய்லாந்து போய்விட்டார்கள், ஒருவனை அவன் அம்மா ஊருக்கு அழைத்துக்கொண்டாள். யாரையும் குறை சொல்ல முடியாது. சின்னவன் போகிற அன்றைக்குத் தன் அரங்களை எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி, "திரும்பி வந்து எடுத்துக்கிறேன் மாமா" என்று அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். அப்படியே இருக்கிறது. இப்போது நானும் மச்சானும்தான். இரண்டு வாரத்தில் கொடுத்த வேலைக்கு ஐந்தாறு வாரம் ஆகும். அவசரப்படுத்தினால் துளை தவறும், அதனால் தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

இந்தப் பேச்சு கிளம்பிய பிறகும் வந்துகொண்டிருக்கிற உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? தாமைங்கிலிருந்து ஒரு பெரியவர், நல்லா ஓடுகிற வண்டியை வேண்டுமென்றே கொண்டுவந்து எங்கள் வாசலில் அரை நாள் நிறுத்தி வைத்தார். "எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் அதில் நாங்கள் போட்ட குழாயை அவரே கழற்றச் சொன்னார். கழற்றினோம். லேசாகக் கறுத்திருந்தது, ஒரு துளைகூட அரிக்கவில்லை. துடைத்து அதையே திரும்ப மாட்டினோம். கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை, அவர் விடவில்லை, மச்சான் பிள்ளை கையில் திணித்துவிட்டுப் போனார். இன்னொரு அண்ணன், காளியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். இதையெல்லாம் நாங்கள் மறக்க மாட்டோம்.

வருகிறவர்கள் ஒரு விஷயம் பார்த்துக்கொண்டு வாருங்கள். இந்த இன்ஜினில் இரண்டு நீளம் உண்டு. சிலிண்டர் ஹெட்டை நாடா வைத்து அளந்தால் ஒன்று 23 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும், கனடாவிலிருந்து வந்த வண்டிகளில் பெரும்பாலும் 25 அங்குலம் இருக்கும். ஒன்றின் குழாய் மற்றதற்குச் சேராது. முன்கூட்டியே அளந்து சொன்னால் தகட்டை வெட்டி வைத்துவிடுவோம். திஞ்சானுக்கு (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு) முன்னால் வண்டி வேண்டும் என்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள். திஞ்சான் நாட்களில் பட்டறை மூடியிருக்கும்.

வண்டியைக் காலையிலேயே கொண்டுவந்து விடுங்கள். இன்ஜின் ஆறுவதற்கே மூன்று மணி நேரம் ஆகிறது, சூட்டோடு பம்ப்பைத் தொட முடியாது. குழாய் போடுகிறவர்கள் ரேடியேட்டரையும் சேர்த்துச் சுத்தம் செய்ய ஒரு நாள் கூடுதலாக விடுங்கள். கேட்கிறவர்களுக்குப் பழைய குழாயின் துண்டுகளைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் ரேடியேட்டர் பட்டறைக்காரன்,
யாங்கோன்